பதினான்காம் எண் படம்

அரசாங்கக் காகிதத்தில் அவருடைய பதவி காட்சிக்கூடக் காவலர். ஆனால் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவரிலிருந்து மாடியில் உட்கார்ந்திருக்கும் காப்பாட்சியர் அம்மா வரைக்கும் அந்த அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவரை ‘கைடு’ என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையான கைடு முழங்கால் வலி தாங்காமல் வேலையை விட்டுப் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளோ வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். யாராவது பேசித்தானே ஆக வேண்டும்? இவருக்கு நல்ல குரல், நல்ல ஞாபகம். நாணயக் கூடத்தில் நாலு வார்த்தை, சிலைக் கூடத்தில் ஆறு வார்த்தை என்று ஆரம்பித்தவர், ரெண்டே வருஷத்தில் கல்லையும் சிரிக்க வைக்கிற ஆளாகிவிட்டார்.

கடைசிக் கூடம்தான் சிக்கல். மாடியில், மேற்கு மூலையில் இருந்த அந்தக் கூடத்தில் ஒரு சிறு மலைக் கூட்டத்தாரின் சாமான்களைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். கிழங்கு தோண்டும் கழிகள், மரப்பட்டைக் கூடைகள், ஒரு தூண்டில், ஒரு குழந்தைத் தூளி. அங்கே வந்து சேர்வதற்குள் பிள்ளைகளுக்குக் கால் வலித்துவிடும், பசி எடுத்துவிடும். ஒருத்தி கொட்டாவி விட்டால் நாற்பது பேருக்கும் தொற்றிக்கொள்ளும். அந்தக் கொட்டாவியை ஓட்டுவதற்கென்றே அவர் ஒரு வேடிக்கை வைத்திருந்தார்.

சுவரில் வரிசையாகப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். அந்தக் கூட்டத்தாரின் உடம்பை அளவெடுக்கப் போன எவரோ எடுத்தவை. பதினான்காவது படத்தில் ஓர் இளம் பெண், உயரம் அளக்கக் கோடு போட்ட பலகையில் முதுகை ஒட்டி நிற்கிறாள். கழுத்தில் தொங்கும் சிலேட்டில் 14 என்று எண். இடது காதுமடல் இரண்டாகக் கிழிந்திருக்கிறது. கண்களை இறுக்க மூடியிருக்கிறாள். கீழே ஒட்டிய தாளில், ‘மலைவாழ் பெண். வயது சுமார் இருபது. அளவெடுப்புக்கு ஒத்துழைக்கவில்லை’ என்று தட்டச்சு செய்திருந்தது.

அந்தப் படத்தின் முன்னால் வந்ததும் கைடு குரலைத் தாழ்த்துவார். “பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகமே இருண்டு போச்சுன்னு நினைக்குமாம். இந்த அம்மா பூனைக்கே அக்கா! கேமராவைப் பாத்ததும் கண்ணை மூடிட்டாங்க. ‘நான் உன்னைப் பாக்கல, அதனால நீயும் என்னைப் பாக்க முடியாது’ன்னு நினைப்பு!” என்று சொல்லிவிட்டு, தானும் முகத்தைச் சுளித்துக் கண்ணை இறுக்கிக்கொண்டு, கையை நீட்டித் தடவியபடி இரண்டடி நடப்பார். கூடம் குலுங்கும். கொட்டாவி போன இடம் தெரியாது.

அந்தப் பெண் அவரைப் பெற்ற தாய்.

அது வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அவருக்குத் தெரியும். கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டே வந்தவரின் கை பதினான்காவது படத்தில் நின்றுவிட்டது. முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை; காதைத்தான் பார்த்தார். சின்ன வயதில் அந்தக் கிழிந்த மடலின் இரண்டு நுனிகளையும் விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். துணியும் கையுமாகக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. துடைத்துவிட்டுப் பதினைந்தாவது படத்துக்குப் போனார்.

அவருடைய ஜனங்கள் தங்களை ‘நாங்க’ என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அதற்கு மேல் ஒரு பெயர் அவர்களுக்குத் தேவைப்பட்டதில்லை. எல்லோருமாகச் சேர்ந்தால் முந்நூறு பேர் இருப்பார்கள். எண்ணினால் குறைந்துபோவோம் என்று நம்பியதால் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. வெளியார் அவர்களுக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. நகரத்தில் அது வசவு. தலை வாராமல் வெளியே கிளம்புகிற பிள்ளையைத் தாய்மார் அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள்.

ஒன்பது வயதில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்து வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. தங்கள் பேச்சில் வாய் திறந்தால் அங்கே பிரம்படி. வார்டன் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பையன் புத்திசாலி, முன்னேறட்டும் என்று நினைத்து, படிப்பு முடிகிற வருஷம் எல்லாக் காகிதத்திலும் ஊரை மாற்றி எழுதச் சொன்னார். அம்மா பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது? அவருடைய ஜனத்தில், பிறந்த பிள்ளையின் காதில் தாய் ஒரு பெயரை ஓதுவாள். அது அவளுக்கும் பிள்ளைக்கும் மட்டும்தான். சாவதற்கு முன் அவரவர் தங்கள் பெயரை ஒரே ஓர் ஆளிடம் சொல்லி வைக்க வேண்டும். மற்றபடி ஊரில் புழங்குவதெல்லாம் கூப்பிடு பெயர்கள்தான். அம்மாவின் பெயர் அவருக்குத் தெரியாது. பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தவர், விடுதிச் சமையல்காரம்மாவின் பெயரை எழுதிவிட்டார்.

பத்தொன்பது வயதில் ஒரு தரம் ஊருக்குப் போனார். அதுதான் கடைசி. அம்மா இறந்த செய்தி ஒரு வியாபாரி எழுதிய கடிதமாக வந்து சேர்ந்தபோது பதினோரு நாள் ஆகியிருந்தது. மறுநாள் இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வு. கடிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு தேர்வுக்குப் போனார். வேலை கிடைத்தது.

அந்தப் பூனை வேடிக்கையும் அவர் கண்டுபிடித்ததல்ல. பிள்ளைகளைக் கூட்டிவந்த ஓர் ஆசிரியர்தான் முதலில் சொன்னார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரிக்காமல் நின்றால் ஏன் என்று கேட்பார்களே. படத்தில் இருக்கும் தாடையும் நெற்றியும் அச்சாக அவருடைய முகம்தான். நாமே சொல்லிச் சிரித்துவிட்டால் எவனும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க மாட்டான் என்று ஒரு கணக்கு. அடுத்த வாரம் அவரே சொன்னார். பிறகு கண்ணை மூடி நடப்பதைச் சேர்த்தார். இப்படியே பத்தொன்பது வருஷம்.

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணி. நாற்பது பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். பூனை வந்தது, கண் மூடியது, கூடம் குலுங்கியது. எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு பின்னாலிருந்து ஒரு சிரிப்பு மட்டும் தாமதமாகக் கேட்டது. பேச்சு முழுக்கப் புரியாத ஆள், மற்றவர்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியான சிரிப்பு. கண்ணைத் திறந்து பார்த்தார். கதவோரம் ஆறேழு பேர் கூட்டமாக நின்றிருந்தார்கள். வெயிலில் கறுத்த முகங்கள், புதுச் செருப்புகள். கூட ஒரு பெண் வக்கீல், கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி. சிரித்தவளுக்கு அறுபதை நெருங்கும் வயது. அந்தத் தாடை, அந்த நெற்றி.

அவருடைய அக்கா.

மிச்சச் சாமான்களைப் பற்றி என்ன சொன்னார், பிள்ளைகளை எப்படி வண்டி ஏற்றினார் என்று அவருக்கு நினைவில்லை. கட்டடத்துக்குப் பின்னால், உடைந்த சிலைகளைப் போட்டு வைத்திருக்கும் முற்றத்தில் ஒரு குடிநீர்க் குழாய் உண்டு. அக்கா அங்கே ஒரு சிலையின் பீடத்தில் உட்கார்ந்திருந்தாள். வக்கீலும் மற்றவர்களும் மரத்தடியில் நின்றார்கள். அறை விழும் என்று எதிர்பார்த்துத்தான் அவர் பக்கத்தில் போனார்.

“முடியெல்லாம் எங்கடா போச்சு?” என்றாள் அக்கா, தங்கள் பேச்சில்.

அந்தப் பேச்சைக் காதால் கேட்டு முப்பத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. புரிந்தது. ஆனால் பதில் நகரத்துப் பேச்சில்தான் வந்தது. “அக்கா… நீ எப்ப வந்தே?”

“நீ பூனையா நடந்தப்பவே வந்துட்டேன்.”

“நீயும் சிரிச்சியே” என்றார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான பேச்சு என்று உறைத்தது.

“எல்லாரும் சிரிச்சாங்க. நான் மட்டும் உர்ருன்னு நின்னா, யாரு இவள்னு திரும்பிப் பாப்பாங்க. என்னைப் பாத்தா அப்புறம் உன்னைப் பாப்பாங்க. ரெண்டு மூஞ்சியும் ஒண்ணுதானே. உன் பொழப்பைக் கெடுக்கவா நான் வந்தேன்?”

பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று கதைகளில் சொல்வார்கள். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டே இருக்கலாம் என்று மட்டும் தோன்றியது. கழுவினார். ஒரு குவளையில் தண்ணீர் பிடித்து, முதல் வாயைத் தரையில் சாய்த்துவிட்டு அக்காவிடம் நீட்டினார். செத்தவர்கள் தண்ணீரில் இருப்பதாக அவர்கள் நம்பிக்கை. முதல் வாய் அவர்களுக்கு. இத்தனை வருஷத்தில் அவர் விடாத பழக்கம் அது ஒன்றுதான். குவளையை அலசுகிறார் என்று அலுவலகத்தில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அதைக் கவனித்தாள். வாங்கி மிச்சத்தைக் குடித்தாள்.

“என்னைத் தேடியா வந்தே?”

“உன்னைத் தேடி வரல. அம்மாவைத் தேடி வந்தோம்.”

வக்கீல் அருகில் வந்து விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் குடியிருக்கும் பள்ளத்தாக்கைக் காப்புக்காடு என்கிறது அரசாங்கம். காடு என்று அறிவிப்பதற்கு முன்பே அங்கே குடியிருந்ததைக் காட்டினால் நிலம் அவர்களுக்கு. காட்ட முடியாவிட்டால் வெளியேற வேண்டும். எழுத்து இல்லாத ஜனம் எதைக் காட்டும்? ஒரு பழைய அறிக்கையின் அடிக்குறிப்பில், அந்தப் பள்ளத்தாக்கில் எடுத்த படங்கள் இந்த அருங்காட்சியகத்தில் இருப்பதாக அவள் படித்திருக்கிறாள்.

“நிலம்னா வெறும் நிலம் இல்லடா” என்றாள் அக்கா. “காகிதம் இல்லாத எடத்துக்குப் பாலம் போட மாட்டாங்களாம். மருந்துக்காரம்மா வர மாட்டாங்களாம். போன மழையில ஆத்தைத் தாண்ட முடியாம ரெண்டு பேரு போயிட்டாங்க. ஒருத்தி என் மருமக. வயித்துல புள்ளையோட.”

வக்கீல் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “படம் மட்டும் போதாது சார். அதுல இருக்கறவங்க இவங்க ஜனம்தான்னு யாராவது சத்தியம் பண்ணிச் சொல்லணும். இவங்களே சொன்னா, நிலத்துக்காகச் சொல்றாங்கம்பாங்க. நீங்க அரசாங்க ஊழியர். நீங்க அவங்க மகன்னு சொன்னா எடுபடும்.”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றார் கைடு.

“யோசி” என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும்.

போகும்போது அவள் மறுபடி மாடிக்குப் போய்ப் படத்தின் முன்னால் நின்றாள். “நானும் இதுல இருக்கேன்” என்றாள், படத்துப் பெண்ணின் வயிற்றுக்கு நேராகக் கண்ணாடியில் விரலை வைத்து. “அளக்க வந்தவன் வயித்தையும் சேத்து அளந்தானாம். அம்மா சொல்வா. ‘உடம்பை அளந்துக்கிட்டுப் போகட்டும், உள்ள இருக்கறது அவன் கண்ணு வழியா அவன்கூடப் போயிடக் கூடாதுன்னு மூடிக்கிட்டேன். எனக்காக இல்ல, உனக்காக’ன்னு.” அம்மா ஏன் கண்ணை மூடினாள் என்று, அந்த நம்பிக்கையில் வளர்ந்த அவருக்கு முன்பே தெரியும், யாருக்காக மூடினாள் என்று அன்றுதான் தெரிந்தது.

ஒரு வாரம் ஓடியது. அவர் யோசித்தது தன் பணிப் பதிவேட்டைத்தான். ஊர் பொய், தாய் பெயர் பொய். உண்மையைச் சொன்னால் வேலை நிலைக்குமா? மனைவியிடம் என்ன சொல்வது? அவளைக் கட்டிக்கொண்டபோது தான் அநாதை என்று சொல்லியிருந்தார். இந்த யோசனைகளோடு கூடங்களைச் சுற்றிக் காட்டும்போது பதினான்காவது படத்தைப் பேசாமல் தாண்டிப் போனார். இரண்டு நாள் ஒருவரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள், வருஷா வருஷம் வரும் ஓர் ஆசிரியர் கையைத் தூக்கினார். “என்ன கைடு சார், பூனையை விட்டுட்டீங்க? அதுக்காகத்தானே இவனுங்களைக் கூட்டிட்டு வந்தேன்!” பிள்ளைகள் “பூனை! பூனை!” என்று கத்தினார்கள்.

மறுத்திருக்கலாம். தொண்டை சரியில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அவர் கண்ணை மூடினார், கையை நீட்டினார், இரண்டடி நடந்தார். கூடம் சிரித்தது. அக்கா வந்து போன பிறகு, ஆற்றைத் தாண்ட முடியாமல் மருமகள் போன கதையைக் கேட்ட பிறகு, அதைச் செய்தார். பிற்காலத்தில் எதை நினைத்துக் கூசினாலும் அவருக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த இரண்டடிதான். பத்தொன்பது வருஷம் செய்ததைப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்குச் செய்ததற்கு அவரிடம் ஒரு பெயரும் இல்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியதும் மனைவியிடம் சொன்னார். அவள் முன்னறையில் தையல் மெஷினில் பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்ததால் வீட்டில் இருவர்தான். அவர் கதவருகில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஜனத்தின் பெயரை, அந்த வசவுப் பெயரையே, சொன்னார். வேறு பெயர் சொன்னால் அவளுக்குப் புரியாது.

மெஷின் நின்றது. அவள் நூலை அறுத்துத் துணியைத் தள்ளி வைத்தாள்.

“பொண்ணு சின்னவளா இருந்தப்போ தலை வாராம ஓடுவா” என்றாள். “நான் அந்தப் பேரைச் சொல்லித்தான் திட்டுவேன். தினமும். நீங்க அங்கேதானே உக்காந்து ஷூவுக்குப் பாலிஷ் போடுவீங்க?”

“ஆமா.”

“ஒரு நாளாவது, ‘அப்படிச் சொல்லாதே’ன்னு சொல்லத் தோணலையா?”

“தோணுச்சு.”

“தோணியும் சொல்லல.” அவள் கண் கலங்கியது, கோபமும் கூடவே வந்தது. “உங்க அம்மாவை நீங்க திட்ட விட்டிருக்கீங்க. என் வாயாலேயே. என் பொண்ணுகிட்டேயே. நீங்க எந்த ஜனமா இருந்தா எனக்கென்ன வந்துச்சு? இருபத்து நாலு வருஷமா என்னை இப்படிப் பேச வெச்சுட்டு வேடிக்கை பாத்தீங்களே, அதை எங்க கொண்டுபோய்க் கொட்டறது?”

அவள் மூன்று நாள் பேசவில்லை. சாப்பாட்டு டப்பாவை மட்டும் நேரத்துக்கு மூடி வைத்தாள். நான்காம் நாள் காலையில் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, “விசாரணை என்னிக்கு?” என்று கேட்டாள்.

காப்பாட்சியர் அம்மாவிடம் போய்ச் சொல்லி நின்றபோது அந்த அம்மா முதலில் நம்பவில்லை. பிறகு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். “கடவுளே. அந்தப் பதினாலாம் நம்பர்!” என்றாள். உடனே அவளுக்கும் வெட்கமாகிவிட்டது. பூனை வேடிக்கைக்கு மேலிடத்து விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டியதே அவள்தான்.

இருவருமாக இருப்பறையில் இறங்கிப் பழைய பதிவேட்டைத் தேடினார்கள். பூச்சி மருந்து வாடை அடிக்கும் தாள்கள். பதினான்காம் எண்ணுக்கு நேரே, எடுத்த இடம் என்று பள்ளத்தாக்கும், ஆற்றின் மேற்குக் கரை மூன்றாம் வளைவும் குறித்திருந்தது; தேதி, காப்புக்காடு அறிவிப்புக்கு எட்டு வருஷம் முந்தியது. கூடவே ஒரு வரி. ‘பெயர் சொல்ல மறுத்தாள். பரிசுப்பொருள் காட்டியும் சொல்லவில்லை.’

“கைடு, இதோட ஒரு சிக்கல் இருக்கு. தெரியுமில்ல?” என்றாள் காப்பாட்சியர் அம்மா. “நீங்க போய்ச் சாட்சி சொன்னா உங்க பணிப் பதிவேட்டைக் கேப்பாங்க. நான் இல்லைன்னு மறைக்க முடியாது.”

“கேக்கட்டும் மேடம்.”

அப்படிச் சொன்னாரே தவிர, விசாரணை நாளன்று நில அலுவலகத்தின் வாசலில் இரண்டு முறை திரும்பி நடந்துவிட்டுத்தான் படியேறினார். நீளமான அறை, மேசை நிறையக் கோப்புகள், கரகரவென்று சுற்றும் மின்விசிறி. பெஞ்சில் அக்காவும் மற்றவர்களும். தன்னை எண்ணிவிடுவார்களோ என்ற பயத்தில் ஒரு கிழவர் பாதி நேரம் கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தார். கைடின் மனைவி பின்வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு. தானே வருவதாகச் சொல்லி வந்திருந்தாள்.

விசாரணை அதிகாரி படத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு பணிப் பதிவேட்டைப் புரட்டினார்.

“படத்துல இருக்கறது உங்க அம்மாங்கறீங்க. இங்க வேற பேரு எழுதியிருக்கு. இது யாரு?”

“விடுதியில சமைச்சவங்க சார்.”

“சமைச்சவங்க பேரையா அம்மா பேருன்னு எழுதினீங்க?”

“ஆமா சார்.”

“ஊரும் வேற.”

“அதுவும் பொய் சார். நான்தான் எழுதினேன்.”

யாரோ பின்னால் சிரித்தார்கள். கோப்பு கட்டும் ஊழியராக இருக்கலாம். அந்தச் சிரிப்பு முதுகில் வந்து விழுந்தபோது, பலகையோடு ஒட்டி நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குக் கொஞ்சம் விளங்கியது.

“எதுக்குப் பொய்?” என்று அதிகாரி கேட்டார். “உண்மையை எழுதியிருந்தா சலுகையாவது கிடைச்சிருக்கும். எல்லாரும் அதுக்குத்தான் பொய் சொல்லுவாங்க. நீங்க தலைகீழாச் சொல்லியிருக்கீங்க?”

“வெக்கமா இருந்துச்சு சார்.”

“இப்ப?”

“இப்பவும் வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அது வேற.”

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “சரி. அப்போ உண்மையான பேரு என்ன?”

“தெரியாது சார். எங்க ஜனத்துல அது பிள்ளைகளுக்குத் தெரியாது. அம்மா சாகறதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட சொல்லியிருப்பாங்க.”

“யார்கிட்ட?”

பெஞ்சிலிருந்து அக்கா எழுந்தாள். “என்கிட்ட. ஆனா சொல்ல மாட்டேன்” என்றாள், நகரத்துப் பேச்சில், ஒவ்வொரு வார்த்தையாக அடுக்கி.

“அம்மா, இது விசாரணை. சொல்லித்தான் ஆகணும். இதை வெச்சுத்தான் உங்க நிலமே.”

“நிலம் போனா போகட்டும்யா. இவ்வளவு பேரு இருக்கற அறையில அவளைக் கூப்பிட முடியாது.”

வக்கீலின் முகம் வெளுத்தது. அப்புறம் ஏதோ பொறி தட்டினாற்போலப் பதிவேட்டு நகலை எடுத்து அதிகாரியின் முன்னால் வைத்தாள். “இந்த வரியைப் படிங்க சார். பரிசுப்பொருள் காட்டியும் பேர் சொல்லல. அன்னிக்கு அவங்க சொல்லல, இன்னிக்கு மகள் சொல்லல. இதுக்கு மேல என்ன அடையாளம் வேணும்?”

அதிகாரி அந்த வரியை இரண்டு முறை படித்தார். அக்காவை உட்காரச் சொன்னார். கோப்பை மூடிவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

ஒன்றரை வருஷம் கழித்து உத்தரவு வந்தது. பள்ளத்தாக்கு அவர்களுக்கு; ஆற்றங்கரை மட்டும் கிடையாது. பாலத்துக்கு அளவெடுக்க ஆள் வந்தார்கள். கைடுக்கும் ஓர் உத்தரவு வந்திருந்தது. பொய்த் தகவல் கொடுத்த குற்றத்துக்குக் கண்டிப்பு, பொதுமக்களோடு பழகும் பணியிலிருந்து நீக்கி இருப்பறைக்கு மாற்றம். வேலை போகாததே பெரிய காரியம் என்றாள் மனைவி. பதினான்காம் எண் படத்தின் கீழே காப்பாட்சியர் அம்மா புதுத் தாள் ஒட்டினாள். என்ன எழுத வேண்டும் என்று அவரிடம்தான் கேட்டாள். அவர் நாலு நாள் யோசித்து, ‘கண்ணை மூடியிருக்கிறார். அது அவர் விருப்பம்’ என்று எழுதிக் கொடுத்தார். மகளிடம் போனில் சொன்னபோது அவள், “அந்தப் பாட்டியோட படத்தை எனக்கு ஒண்ணு அனுப்புங்கப்பா” என்றாள்.

பாலம் போடத் தொடங்கியதும் அவர் ஒரு நாள் பள்ளத்தாக்குக்குப் போனார். முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு. எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். ‘சார்’ என்று கூப்பிட்டார்கள். பேச்சு பாதி மறந்திருந்ததால் அவர் வாய் திறந்த இடமெல்லாம் தப்பு வந்தது, ஒருவரும் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருஷம் ஊரைச் சிரிக்க வைத்தவருக்கு, யாராவது ஒரு தடவை சிரித்துத் தொலைக்க மாட்டார்களா என்றிருந்தது.

கிளம்பும் நேரத்தில் அக்காவோடு பாதை வரைக்கும் நடந்தார். கேட்கவே கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டார்.

“அம்மா என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?”

“ஒண்ணும் பெரிசா இல்ல. யாராச்சும் உன்னைக் கேட்டா, ‘நல்லா இருக்கான்’னுவா.”

“அவளுக்கு எப்படித் தெரியும்?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘நல்லா இல்லைன்னா வந்திருப்பானே’ன்னா.”

அவர் பாதையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அக்கா பக்கத்தில் நின்றாள். தோளில் கை வைக்கவுமில்லை, நகரவுமில்லை. “ஜீப் போயிடும்டா. எழுந்திரு” என்றாள்.

பாலத்து வேலைக்கு வந்த ஜீப் அது. முன்னால் டிரைவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. இறக்கத்தில் இறங்கிக்கொண்டே டிரைவர் கேட்டார், “யாரு சார் அந்தம்மா? தெரிஞ்சவங்களா?”

“எங்க அக்கா” என்றார் அவர். “நானும் இந்த ஊர்தான்.”

டிரைவர் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தார். சட்டை, கைக்கடிகாரம், பாலிஷ் போட்ட ஷூ. “அப்படியா? உங்களைப் பாத்தா அப்படித் தெரியலையே சார்!” என்றார், மரியாதையாக.

அந்த வார்த்தை காதில் விழுந்த கணத்தில் அவருக்கு, பாராட்டைக் கேட்டதுபோல, உள்ளே எங்கோ குளிர்ந்தது. ஒரு கணம்தான். ஆனால் குளிர்ந்தது. அதை அவர் கவனித்துவிட்டார். வழி நெடுக டிரைவர் ரோட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். அவர் நகரம் வந்து சேரும் வரை முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தார்.